மேற்கே போகிற மணல்

சேந்தாழையில் சுவர்களிலிருந்து மணல் இறங்கித் தன் சொந்த ஊருக்கு நடக்கத் தொடங்கிய வருடம்தான் என் மகள் அஞ்சலாவுக்கு முதல் பல் முளைத்தது. அந்தப் பல்லால் அவள் முதலில் சுரண்டியது எங்கள் வீட்டுச் சுவரை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே தேரி என்கிற செம்மணல் மேடு, அதற்கும் மேற்கே, வானம் கழுவிவிட்டது போலிருக்கிற நாட்களில் மட்டும், நீலக் கோடாக மலை. ஊரில் சந்தியாகப்பர் கோயில், அதன் மதில், வலைக்கூடம், முப்பது வருடத்துக்கு முந்திய வீடுகள் எல்லாமே தேரியடிக் கல்வெட்டாங்குழியில் வெட்டிய மணல்கல். அந்தக் கல் ஒரு காலத்தில் கடற்கரையாகக் கிடந்தது என்றும், சிப்பிகளின் சுண்ணாம்பு ஊறி இறுகியது என்றும், ஒவ்வொரு மணலும் எங்கோ ஒரு பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றோடு உருண்டு வந்தது என்றும் எங்களுக்குச் சொன்னவள் ஹேமலதா. நாமக்கல் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் இரண்டு சல்லடை, ஒரு காந்தம், ஒரு மைக்ரோஸ்கோப், உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பழுப்புப் புட்டி ஆகியவற்றோடு கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வீட்டு மாடியில் குடிவந்தாள். நான் டீச்சர் இல்லீங்க என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். படித்த பெண் வேறு என்னவாக இருக்க முடியும் என்று ஊர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டது.

கல்லை இடித்துச் சலித்து, பழுப்புப் புட்டியிலிருந்து கனத்த திரவத்தை ஊற்றுவாள். சாதா மணல் மிதக்கும், கனத்த மணிகள் அடியில் போகும். அடியில் போனதை எடுத்துக் காயவைத்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும். மீன் காயப்போட வந்த பெண்கள் ஒரு சாயங்காலம் சுற்றி நின்று கேட்டார்கள்.

"அப்படி என்னத்தப் பாக்கீக டீச்சர்?"

"இது பொறந்த ஊரைப் பார்க்கிறேனுங்க. இந்தச் சிவப்பு கார்னட் மேற்கு மலையில பொறந்தது. இந்தக் கறுப்பும் மலைதான், ஆனா வேற பாறை. முனை மழுங்கியிருந்தா ரொம்ப தூரம் உருண்டிருக்கு. கூரா இருந்தா கிட்டத்துல இருந்து வந்திருக்கு."

பெண்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. அங்கே நின்ற எல்லோரும் ஏதோ ஒரு துறையிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள்தான். நான் மட்டும் கடல் ஊர்க்காரி இல்லை. அந்த நீலக் கோட்டின் மேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, ஆறு வயதில் மலையடிவாரத்துக் கான்வென்ட் விடுதியில் விடப்பட்டு, சிஸ்டர் எட்விஜிடம் கையெழுத்தும், கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடும் பழக்கமும் கற்று, கிளாரன்ஸைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எஸ்டேட்டை மூடிவிட்டார்கள், தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லயன் வீட்டின் மேல் இப்போது காடு வளர்கிறது. கூர் முனையா மழுங்கியதா என்று என்னை யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

ஹேமலதா அப்படி வாய்விட்டுச் சொன்ன மறுநாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, கோயில் மதிலிலிருந்து சிவப்பும் கறுப்புமாக மணல் உதிர்ந்து, எறும்பு போல வரிசை கட்டி, சாலையின் இடது ஓரமாக மேற்கே புறப்பட்டது. ஊர் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வந்துவிட்டது போல என்றார் உபதேசியார் சூசைராயன். அதற்கு மேல் அதற்குக் காரணம் யாரும் தேடவில்லை. செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன.

முதலில் சமையல் பானைகளுக்கெல்லாம் இரட்டை மூடி போட வேண்டியிருந்தது. பிறகு நிலைப்படிகளில், மணல் தாண்டிப் போக வசதியாக, விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு வெட்டினார்கள். இரண்டு மணிக்கு யாரும் வாசல் பெருக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். பேருந்து ஓட்டுநர்கள் தேரி வளைவில் வலது பக்கமாக ஒதுங்கி ஓட்டப் பழகினார்கள். மெலிந்த சுவர்களுக்கு உள்பக்கமாக ஹாலோபிளாக் கட்டினார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், எங்கள் வீட்டு மணல் பெரிய மலையிலிருந்து வந்தது, உங்கள் வீட்டு மணல் பக்கத்து ஓடைதானாமே என்று கேட்டு ஒரு சம்பந்தம் முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை மணல் நடப்பதில்லை. அதைக் கவனித்துச் சொன்னதும் சாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சேந்தாழைப் பெண்களுக்குச் சுளகு கையோடு பிறந்தது. நெத்திலியையும் கூனியையும், அரிசியையும் கல்லையும், கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். மணல் நடந்தே போவதைப் பார்த்து அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. வரிசையிலிருந்து அள்ளி, சுளகில் புடைத்து, சிவப்பைத் தனியாகவும் கறுப்பைத் தனியாகவும் சாக்கில் கட்டினார்கள். சிவப்பு என்றால் மலை என்று டீச்சரே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் விடாமல் முதல் பஸ்ஸில் சிவப்புச் சாக்குகள் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கின. இந்தச் சாக்குக்கு முழு டிக்கெட் போடவா, அரை டிக்கெட் போடவா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கண்டக்டர் கடைசியில் அதற்கும் ஒரு சீட்டு ஒதுக்கிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அஞ்சலா தவழக் கற்றுக்கொண்டாள்.

பல் முளைக்கிற பிள்ளைகள் சுவரை நக்குவது எங்கும் நடப்பதுதான். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரும்புச் சத்து குறைவு என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் அஞ்சலா நக்கிய சுவர் நடக்கிற சுவர். வைகாசியில் ஒரு மத்தியானம், சுவரோரம் உட்கார்ந்து கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தவள் இரண்டு மணி ஆனதும் கரண்டியைப் போட்டுவிட்டு, நிலைப்படி தாண்டி, மணல் வரிசைக்குப் பக்கத்திலேயே, அதே வேகத்தில், மேற்கே தவழ்ந்தாள். தூக்கி வந்தேன். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் நான் அடுப்படியிலிருந்து வந்து பார்ப்பதற்குள் சாலைக்குப் போய்விட்டாள். மீன் வண்டிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இப்போதும் என் முதுகில் இருக்கிறது.

அன்றைக்கே வலைக்கயிற்றில் ஒரு துண்டு அறுத்து, ஒரு முனையை அவள் அரைஞாணிலும் மறு முனையை என் காலிலும் கட்டினேன். இரண்டு மணி ஆனால் கயிறு விறைக்கும். அழ மாட்டாள். சும்மா மேற்கே பார்த்து, கயிற்றின் எல்லைக்குப் போய், முழங்கால் தேயத் தேய இழுப்பாள். ஐந்து மணிக்கு மணல் நிற்கும்போது அவளும் நின்று பாலுக்கு வருவாள்.

கிளாரன்ஸ் ஆழ்கடல் போட்டில் மங்களூர்ப் பக்கம் இருந்தான். கரைக்கு வந்து போன் போட்டால், "கயித்த நல்லா பாத்துக் கட்டு" என்பான். அவனுடைய அக்கா பிரகாசி மதினிதான் எனக்குத் துணை. மதினியின் துணை எப்படி என்றால், அடுப்பையும் பற்றவைப்பாள், என்னையும் பற்றவைப்பாள்.

"ஏட்டி ஜெஸிந்தா, உம் பிள்ள எங்க போறா தெரியுதா? தாய் வீட்டுக்கு. நீதான் போவல, அவளாவது போட்டுமே."

"அங்க யாரு இருக்கா மதினி? அட்டைப் பூச்சிதான் இருக்கு."

"அதத்தான் சொல்லுதேன். அதுக்குப் பிறந்தவ அதைத் தேடத்தான செய்வா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் தேய்ந்த முழங்காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

ஆனி நடுவில் மலையில் மழை பிடித்தது. அதற்கு ஒரு வாரம் கழித்து, நாங்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய மணல் திரும்பி வந்தது. அதே சாலையில், எதிர்ப்பக்க ஓரத்தில், அதே வரிசையில், ஆனால் வெளுத்துப் போய். உப்பு போல வெள்ளை. வந்து ஊருக்குள் நுழையாமல் தேரியின் உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"மாமியாரோட கோவிச்சுக்கிட்டுப் போனவ மூணாம் நாளு திரும்புன மாதிரில்லா இருக்கு" என்றாள் மதினி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு உபதேசியார் ஒன்று சொன்னார்.

"மலை மணலைத் திருப்பி அனுப்பிட்டுன்னா என்ன அர்த்தம்? அதுக்கு மணல் போதல. வேற கேக்கு."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீராத பிள்ளையைச் சந்தியாகப்பருக்குக் கொடுத்துவிட்டோம் என்று பீடத்தடியில் கிடத்துவார்கள். உபதேசியார் புனிதருக்காகப் பேசுவார்: இந்தப் பிள்ளை என்னுடையது, யாருக்கு வேண்டும்? தாய் ஒரு சுளகு உப்பைக் கொட்டி, எனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு பழைய நோய்க்கு அந்தப் பிள்ளையின் மேல் உரிமை கிடையாது. கிளாரன்ஸே அப்படி உப்புக்கு வாங்கப்பட்டவன்தான். இப்போது அதையே மலையில் செய்வது என்று முடிவாயிற்று. ஆடியில் திருநாளுக்கு முந்தின புதன்கிழமை வேன் வைத்துப் போவது, அடிவாரப் பாறையில் பிள்ளையைக் கிடத்துவது, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை யாரும் தொடாமல் விடுவது, பிறகு ஒரு சுளகு தேரி மணலைக் கொட்டித் திரும்ப வாங்குவது.

"மலைக்காக யாரு பேசுவா?" என்று கேட்டேன்.

உபதேசியார் யோசித்தார். "மலைதான் பேசணும்."

"தர மாட்டேன்னு சொல்லிட்டா?"

வேனுக்கு எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினார்கள். நல்ல மனிதர்கள்தான். என் பிள்ளைக்காக வேன் பேசியவர்கள், கட்டுச்சோறு யார் யார் கொண்டுவருவது என்று பிரித்துக்கொண்டவர்கள். அந்த அன்பைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் கதவை அடைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மணல் நடக்காத நாள் என்ற தைரியத்தில், ஒரு மாத்திரை டப்பாவோடு ஹேமலதாவின் மாடிக்கு ஏறினேன். அஞ்சலாவின் துணிகளை அலசிய தண்ணீரில் இரண்டு வாரமாக அடியில் தங்கியதை அந்த டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வெறும் கண்ணுக்கு எல்லாம் சிவப்பு.

"அக்கா, இது பிள்ளை வயித்துல இருந்தது. எல்லாம் மலைதானா?"

அவள் முகம் சுளிக்கவில்லை. டப்பாவை வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி, ஏதோ ஒரு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, லேசாகச் சூடு காட்டினாள். டிகாக்‌ஷன் இறங்குவது போலச் சிவப்பு தண்ணீரில் இறங்கியது. அடியில் கிடந்தது வெள்ளை மணல்.

"ஐயோ" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுங்க. சிவப்புன்னு சும்மா சொல்லிட்டேன். இதுங்க கார்னட்டே இல்லை ஜெஸி. சாதா மணல். இந்தச் சிவப்பு பொறக்கும்போது வந்தது இல்லை, இங்க தேரியில வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு ஏறின துரு. உங்க ஊர் போட்டுவிட்ட சட்டை. நீங்க எல்லாரும் சட்டையைப் பார்த்து ஊரைச் சொல்லிட்டீங்க."

"அப்ப பஸ்ஸுல ஏத்துனது?"

"பாதிக்கு மேல இதுதானுங்க. மலை மழையில சட்டை கழண்டு போச்சு. தெரியாத ஊர்ல வெறும் மேலோட எத்தனை நாள் நிக்கும்? திரும்பி வந்துடுச்சு. தேரியில கிடந்தா மறுபடி சிவக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை.

"ரெண்டு மட்டும் வெளுக்கலை" என்றாள். "இது நிஜ கார்னட். கூரா இருக்கு. மலையேதான்."

"இன்னும் வயித்துல இருக்குமா அக்கா?"

"இருக்கலாமுங்க. எனக்கு மணலைப் பத்தித் தெரியும். பிள்ளையைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்."

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்தது. நான் எழுந்திருக்கும்போது, மேசை மூலையில் ஒரு வாட்ச் கண்ணாடிக்கு அடியில் தனியாகக் கிடந்த ஒரு மணியைக் காட்டினாள். சிர்க்கான் என்கிற கனிமம் என்றாள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல வளையம் வளையமாக இருந்தது.

"நடுவுல இருக்கிறது ஒரு ஊர். அது அழிஞ்சு, இன்னொரு பாறைக்குள்ள போய் இந்த வளையம் வளர்ந்தது, அது இன்னொரு ஊர். அதுக்கு மேல இன்னொண்ணு. மத்ததெல்லாம் ரெண்டு மணி ஆனா மேற்கே போகுது. இது மட்டும் நின்ன இடத்துலயே ஒரு சுத்து சுத்திட்டு, அப்படியே படுத்துக்குது. அஞ்சு மாசமா என் மேசையை விட்டுப் போகலை."

திங்கட்கிழமை முழுவதும் நான் அந்த மணியை நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, வேனுக்கு முந்தின நாள், ஒன்றே முக்காலுக்கு, அஞ்சலாவுக்கு மஞ்சள் சட்டை போட்டு, முழங்காலுக்கு எண்ணெய் தடவி, கயிற்றை அவிழ்த்தேன். மலையில் தொடாமல் விடுவதற்குப் பதிலாக இங்கேயே தொடாமல் விடுவது. தேரி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் தூக்கிவிடுவது, பிறகு நாளைக்கு மலை என்ன கேட்டாலும் கேட்கட்டும். தாண்டாவிட்டால் வேன் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, மதினியைத் தவிர.

"கயித்த அவுத்துட்டியா? ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?" என்றாள். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் இறங்கினாள்.

இரண்டு மணிக்கு அஞ்சலா கிளம்பினாள். அன்றைக்கு மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பலமாக இருந்தது. இடது பக்கம் மணல் வரிசை, அதற்குப் பக்கத்தில் என் மகள், பத்தடி பின்னால் நான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீட்டிவிடுவேனோ என்ற பயத்தில். வலைக்கூடத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். மீன் காயப்போட்ட பெண்கள் வந்தார்கள். ஹேமலதா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். தேரி வளைவில் ஒரு லாரி வந்தது. பிரகாசி மதினி நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"என்னம்மா, ஊர்வலமா?" என்றான் லாரிக்காரன்.

"பிள்ள போவுதுல்லா. பொறு."

அவன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மணல் வரிசையோடு சாலையைத் தாண்டி அஞ்சலா தேரியில் ஏறினாள். சுடுமணலில் அவள் கை பட்டதும் நான் ஒரு அடி முன்னால் போனேன். மதினி என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். அஞ்சலா ஏறி ஏறிச் சறுக்கினாள், சறுக்கிச் சறுக்கி ஏறினாள். உச்சிக்குப் போனாள். அங்கே மலையிலிருந்து திரும்பி வந்த வெள்ளை மணல் ஒரு பாய் விரித்தது போலக் கிடந்தது. அவள் அதன் மேல் போய், நடுவில், உட்கார்ந்தாள்.

எதிரே மலை. வானம் தெளிந்திருந்தது. இரண்டு வருடமாக நான் வேண்டுமென்றே ஏறாத தேரி அது. லயன் வீடுகள் இருந்த மடிப்பு எது என்று என் கண் கேட்காமலேயே கண்டுபிடித்தது. பிள்ளையும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளுக்குள் சிஸ்டர் எட்விஜ் கற்றுக்கொடுத்த காவல் தூதராகிய சம்மனசை நோக்கிய செபத்தை ஆரம்பித்து, பாதியில் வார்த்தை மறந்து, திரும்ப ஆரம்பித்தேன்.

காற்று ஒரு பிடி மணலை அவள் முகத்தில் போட்டது. அஞ்சலா தும்மினாள். ஒரு முறை, இன்னொரு முறை, உடம்பே குலுங்க மூன்றாவது முறை. அவள் மடியில் இரண்டு சிவப்பு மணிகள் விழுந்தன. வெயிலில் மாதுளை முத்து போல மின்னின. மஞ்சள் சட்டையின் மடிப்பில் ஒரு கணம் நின்று, பிறகு உருண்டு, மணல் வரிசையில் சேர்ந்து, தேரியின் அந்தப் பக்கச் சரிவில் இறங்கி மேற்கே போயின.

அஞ்சலா அவை போவதைப் பார்த்தாள். பிறகு, பஸ் புறப்படும்போது செய்ய வேண்டும் என்று மதினி பழக்கியிருந்தபடி, கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி, டாட்டா காட்டினாள்.

யாரோ ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார், உபதேசியாராகத்தான் இருக்க வேண்டும். சத்தம் கேட்டு அஞ்சலா திரும்பினாள். அத்தனை பேரையும் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்தாள். போன வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் கீழே வந்தாள்.

பேசிவைத்த வேனைக் கைவிட மனமில்லாமல் புதன்கிழமை ஊர் மலைக்குப் போய், அடிவாரத்தில் கட்டுச்சோறு தின்று, அருவியில் குளித்து, சாயங்காலம் திரும்பி வந்தது. பிள்ளைக்குப் பதிலாக மதினி ஒரு சுளகு உப்பை அந்தப் பாறையில் கொட்டிவிட்டு வந்தாளாம். எதுக்கும் இருக்கட்டும்ட்டி, யார் கண்டா என்றாள். மணல் இன்னும் இரண்டு மணிக்கு நடக்கிறது, குறைவாக. அந்த நேரத்தில் அஞ்சலா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிசைக்கும் டாட்டா காட்டுகிறாள். வலைக்கயிறு கொடியாகிவிட்டது, அவளுடைய சட்டைகள் அதில் காய்கின்றன.

தேரியிலிருந்து இறங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவளைக் குளிப்பாட்டினேன். உள்ளங்கையிலும் முழங்காலிலும் ஏறியிருந்த தேரிச் சிவப்பு சோப்புக்குப் போகவில்லை. பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதட்டி" என்றாள் மதினி. "கெடக்கட்டும்."

கீழே வைத்துவிட்டேன். வைக்கக் குனிந்தபோது என் குதிகாலைப் பார்த்தேன். அதே சிவப்பு, வெடிப்புக்குள் வரை. எப்போது ஏறியது என்று தெரியவில்லை.

இப்போது பிள்ளை தூங்குகிறாள், வாய் திறந்து, இரண்டு பல்லும் தெரிய. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் உண்டு. இன்று ஒன்றுதான் போட்டிருக்கிறேன்.